சீட்டுப் பணம் 30,000, ஒரு பழைய ஓட்டு வீடு

பன்னிரண்டு வருஷம் திருப்பூரில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, போன பங்குனியில் பவானிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சொந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். மாமனார் கட்டிய வீடு. அவர் போன பிறகு அத்தை மட்டும் தனியாக இருந்தார். முன்னால் ஆசாரம் (முன்கூடம்), உள்ளே இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் பொடக்காளி, அதாவது கொல்லைப்புறம். மேலே மங்களூர் ஓடு, கீழே ரெட் ஆக்சைடு தரை. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வந்து இறங்கிய அன்று என் பையன் ஆசாரத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். எழுந்தபோது சட்டை முதுகு முழுக்க வெள்ளைப் பொடி.

ஒருவரை வரவழைத்து மதிப்புக் கேட்டோம். பட்டி, பெயிண்ட், ஆசாரத்துக்கு ஃபால்ஸ் சீலிங், தரைக்கு டைல்ஸ் என்று அடுக்கி இரண்டரை லட்சம் சொன்னார். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் 30,000. "சரிங்க, யோசிச்சுச் சொல்றோம்" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டு, பையனின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வடக்குச் சுவர். ஆசாரத்தின் அந்தச் சுவர் மட்டும் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை அப்பளம் பொரிந்த மாதிரி உப்பி நின்றது. நான்கு வருஷம் முன்னால் அத்தை ஆள் வைத்துப் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த இடம் அது. அடுத்த மழைக்கே கிளம்பிவிட்டதாம். உள்ளிருந்து ஈரம் வருகிறதா, அறைக் காற்றின் ஈரம் படிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே ராத்திரியில் நின்றது, அதுவும் சித்திரை வெயிலில்.

பக்கத்து ஊரிலிருந்து வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். சுவரைப் பார்க்கவே இல்லை. நேராக வெளியே போய் அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்த துவைக்கிற கல்லைப் பார்த்தார். "அம்மிணி, முப்பது வருஷமா இங்க தொவைச்ச தண்ணி முச்சூடும் அஸ்திவாரத்துலதான் நிக்குது. உள்ள நீங்க தங்கத்தையே பூசினாலும் நிக்காதுங்க" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரத் தடுப்புப் பட்டை போடும் வழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சும், அது மேலே ஏறும். தண்ணீர் காய்ந்து போகும், அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் சுவரின் முகத்தில் தங்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட்டும் பட்டியும் அந்த அளவுக்கு விடாது. ஈரம் பின்னால் அடைபட்டு, உப்பு உள்ளேயே கட்டித் தட்டி, கடைசியில் பட்டியைத் தள்ளிக்கொண்டு வரும். அத்தை நான்கு வருஷம் முன்னால் செலவழித்த பணம் அப்படித்தான் தரையில் உதிர்ந்து கிடந்தது.

துவைக்கிற கல்லைப் பத்தடி தள்ளிப் போட்டோம். சுவரோரம் மண்ணை வெட்டி, வெளிப்பக்கம் வாட்டம் விட்டு, பிவிசி பைப் போட்டுத் தண்ணீரை வாழைக்குத் திருப்பினோம். உள்ளே பழைய பூச்சைச் செங்கல் தெரிகிற வரை மூன்றடி உயரத்துக்குக் கொத்தி எடுத்தோம். செங்கல்லில் படிந்திருந்த உப்பை வறண்ட பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் வாரிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும். எனக்கு இது தெரியாது, ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கொத்தனார்தான் பிடுங்கி வைத்தார்.

பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான அரைத்த மணல்) கலந்து பூசினார். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசிய காலத்தைப் பற்றி அரைநாள் பேசினார், ஆனால் நாங்கள் அதற்கெல்லாம் போகவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, அதற்கு மேல் மூன்று வாரம் சும்மா காய விட்டோம். கொத்தனார், சித்தாள் கூலி, பைப், மணல் எல்லாம் சேர்த்து 9,850. அழகுக்கு என்று வைத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, முடித்த பிறகும் வீடு முன்பைவிட அசிங்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

சுவர் காய்ந்துகொண்டிருந்த அந்த ஒரு மாதம் சுரண்டுவதிலேயே போனது. வீடு முழுக்கப் பழைய டிஸ்டம்பர். ஈரக் கையால் தடவினால் கையோடு வரும். அதன் மேல் எதை அடித்தாலும் அதுவும் சேர்ந்து உரிந்து வரும் என்பதால் முழுக்கச் சுரண்டியே ஆக வேண்டும். சுவரை நனைத்துவிட்டுப் பட்டித் தகடால் சுரண்டினால் தூசி பறக்காது, வேலையும் சீக்கிரம். ஆசாரத்தில் டிஸ்டம்பருக்கு அடியில் பழைய வெள்ளை தெரிந்தது, லேசாக நீலம் ஓடிய வெள்ளை. அத்தை கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது உங்க மாமா அடிச்சது கண்ணு. தைக்குத் தை நாங்க ரெண்டு பேருந்தான் அடிப்போம்" என்றார்.

ஆசாரத்துக்குப் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே அடிப்போம் என்று முடிவு செய்தது அங்கேதான். ஈரம் விடும் சுவருக்கு அதுதான் பொருத்தம், விலையும் பெயிண்ட்டில் பாதிகூட இல்லை.

கல்சுண்ணாம்பு 25 கிலோ வாங்கினோம். அதை நீற்றுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்புச் செய்தோம். தகர டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். போட்டு ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு உள்ளேயிருந்து ஒரு முனகல், அப்புறம் கொதி. உலையில் அரிசி கொதிப்பது போல் தளதளவென்று பொங்கி ஆவி கிளம்பும். டிரம் நிறைந்துவிட்டது என்று பையன் மிச்சக் கல்லை ஒரு காலி பெயிண்ட் வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டான். பிளாஸ்டிக் வாளி. இரண்டு நிமிஷத்தில் அடி இளகி, வாளி ஒருபக்கம் தொந்தி போட்டு, பொடக்காளி முழுக்கச் சுண்ணாம்புக் குழம்பு. நல்ல வேளை, அவன் எட்டத்தில் நின்றான். கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னது அத்தை. தடவாத விரல் இடுக்குகள் மட்டும் எனக்கு வெடித்துப் போயின.

இரண்டு நாள் ஊற விட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொண்டோம். ஒட்டுவதற்கு வடிகஞ்சி, வெண்மைக்கு ஒரு கரண்டி நீலம். வழக்கமாகக் கல்லுப்பும் போடுவார்கள். உப்புப் பூக்கிற சுவருக்கு நாமே எதற்கு உப்பு ஊட்ட வேண்டும் என்று அதை விட்டுவிட்டேன். பனைநார் மட்டையால் அடித்தோம். அடிப்பதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும். அடிக்கும்போது சுவரில் ஒன்றுமே தெரியாது, தண்ணீர் அடித்த மாதிரிதான் இருக்கும். பயந்துபோய்க் கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் செதில் செதிலாக வரும். மெலிசாக மூன்று தடவை. முதல் நாள் சாயங்காலம் அடித்துவிட்டு "என்னடா இது, பாதி சுவர் அப்படியே இருக்கு" என்று படுத்தேன். காலையில் எழுந்து வந்தால் சுவர் வெளுத்து நின்றது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிற வேலை அது, அவசரப்படுத்த முடியாது.

புதுப் பூச்சும் பழைய பூச்சும் சேருகிற இடத்தில், மூன்றடி உயரத்தில், ஒரு மேடு பள்ளம் கோடாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் கீழே முழுக்கக் காவி அடித்துவிடலாம் என்றார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாளைக்கு உப்புப் பூத்தால் சிவப்பின் மேல் வெள்ளை பளிச்சென்று தெரியும். அதனால் கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை, அந்தக் கோட்டின் மேல் மட்டும் நான்கு அங்குலக் காவிப் பட்டை, ஆசாரம் சுற்றிலும். ரெட் ஆக்சைடு பொடியைச் சுண்ணாம்பில் கலந்தால் போதும், சுண்ணாம்பின் காரத்துக்கு அந்த நிறம் வெளுக்காது. ஈரத்தில் அடர்ந்து தெரியும், காய்ந்தால் இரண்டு மடங்கு வெளிறும். அதனால் முதலில் ஒரு செங்கல்லில் அடித்து, வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். கோட்டை நேராகப் போட மேஸ்திரி நூலை மஞ்சளில் நனைத்து இரண்டு பேர் பிடித்துச் சுண்டினோம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அந்தப் பட்டையைப் பற்றித்தான். சுண்ணாம்பு, காவி, மட்டை எல்லாம் சேர்த்து 870.

அறைகளுக்கும் சமையல்கட்டுக்கும் எமல்ஷன். கடையில் "இருபது லிட்டரா எடுத்துக்குங்க, லாபமுங்க" என்றார்கள். வீட்டிலேயே அளந்து கொண்டு போயிருந்தேன். சுற்றளவை உயரத்தால் பெருக்கி, கதவு ஜன்னலைக் கழித்தால் மூன்றும் சேர்த்து 900 சதுர அடிதான் வந்தது. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று வைத்தால் ஏழரை லிட்டர். பத்து லிட்டர் வாளியே மிச்சம். ஒரு கோட் பிரைமர், பள்ளங்களுக்கு மட்டும் பட்டி. சுவர் முழுக்கக் கண்ணாடி மாதிரி பட்டி பார்க்கும் மோகம் எனக்கு இல்லை. மேல் மூலைகளுக்கு மட்டும் பெயிண்டர் அண்ணா ஒருவரை இரண்டு நாள் வைத்துக்கொண்டோம். மீதி நாங்களே. நிறம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பையன் செல்போனில் பார்த்துப் பிஸ்தா பச்சை என்றான். சின்ன டப்பா வாங்கிச் சுவரில் ஒரு அடிக்கு அடித்து டியூப்லைட்டில் பார்த்தபோது பிரசவ வார்டு மாதிரி இருந்தது. தந்த வெள்ளையே அடித்தோம்.

அடுத்தது நிலைக்கதவு. பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கடியில் காப்பிக் கலர், அதற்கும் அடியில் தேக்கு. இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய எனாமல் பெயிண்ட்டுகளில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவை வறண்ட உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி முழுக்க நம் மூக்கில்தான். நான் பெயிண்ட் ரிமூவர் தடவி, பொங்கி வந்ததை வழித்தெடுத்து, பிறகு தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். 80 நம்பர் தாள், பிறகு 120, கடைசியில் 220. மாஸ்க் போட்டு, குழந்தைகளைப் பக்கத்தில் விடாமல், வழித்ததைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கட்டி வைத்தேன். ஒரு கதவுக்கு நான்கு நாள் ஆனது. தாழ்ப்பாளைக் கழற்றியபோது அதன் அடியில் உள்ளங்கை அளவு இடத்தில் பெயிண்ட்டே படாத மரம், தேன் நிறத்தில், வரி வரியாக. அதைப் பார்த்த பிறகு பாதியில் விட மனசு வரவில்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் ஆறு தடவை தடவினேன். மீதி நான்கு கதவுகளுக்கும் இதே கதி என்றால் நான் படுத்துவிடுவேன் என்று அவற்றுக்கு எனாமலே அடித்துவிட்டோம். கதவு வேலை 1,650.

தரையைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு யோசனை. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னவர்கள்தான் அதிகம். ரெட் ஆக்சைடு தரை என்பது சிமென்ட்தான், ஆசிட் அந்த மேல்தோலை அரித்துவிட்டால் பளபளப்பு திரும்பாது. சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, தேங்காய் மட்டையால் தேய்த்து, பெயிண்ட் சொட்டுகளைப் பழைய பிளேடால் சீவினோம். விரிசல்களில் ரெட் ஆக்சைடும் சிமென்ட்டும் குழைத்து அடைத்தோம். அடைத்த இடம் புது நிறத்தில் தனியாகத் தெரிகிறது, தெரியட்டும். காய்ந்ததும் மெழுகு பாலிஷ் மெலிசாக. முதலில் தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தோம். பளபளவென்றுதான் இருந்தது, அத்தை கால் வழுக்கித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அந்த யோசனையைக் கைவிட்டோம்.

ஃபால்ஸ் சீலிங்குக்குச் சொன்ன பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 950 ரூபாயில் செய்த ஒன்றுதான் ஆசாரத்தையே மாற்றியது. இரண்டு மங்களூர் ஓட்டை எடுத்துவிட்டு, அதே அளவுக் கண்ணாடி ஓட்டை வைத்தோம். கூரை ஏறும் ஆள் கூலியும் அதிலேயே சேர்த்தி. காலை பத்து மணிக்கு மேற்குச் சுவரில் இரண்டு கட்டமாக வெளிச்சம் விழும். மத்தியானம் தரைக்கு இறங்கும், நான்கு மணிக்குள் எதிர்ச்சுவரில் ஏறி மறைந்துவிடும். பூனை அதன் பின்னாலேயே இடம் மாறிப் படுக்கிறது. இரவுக்கு 6500 கெல்வின் வெள்ளைப் பல்புகளை மாற்றி 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போட்டோம். சுண்ணாம்புச் சுவருக்கு அது பொருந்துகிறது. படிக்கிற மேஜைக்கு மட்டும் வெள்ளையே இருக்கிறது.

திரைத்துணிக்கு ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போனோம். ஏற்றுமதியில் மிச்சமான கெட்டிப் பருத்தித் துணி மீட்டர் 110, மொத்தம் 18 மீட்டர். ஜன்னல் நான்கடி என்றால் துணி எட்டடி அகலம் இருந்தால்தான் மடிப்பு விழும். அளந்து வைத்தால் போர்வை மாட்டிய மாதிரி இருக்கும். தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயப்போட வேண்டும். நான் ஒரு ஜன்னலுக்கு அவசரத்தில் நனைக்காமல் தைத்தேன். முதல் சலவையில் இரண்டு அங்குலம் ஏறிவிட்டது. சமையல்கட்டு ஜன்னல்தான், யாரும் பார்ப்பதில்லை.

அட்டாலியை, அதாவது பரணைச் சுத்தம் செய்தபோது அத்தையின் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமக்காளம் கிடைத்தது. ஒரு மூலையை எலி கடித்திருந்தது. மீதியில் பச்சையும் சிவப்பும் நேற்றுச் சாயம் போட்ட மாதிரி. கடித்த பக்கத்தை வெட்டி, ஓரம் பிரியாமல் இரட்டைத் தையல் போட்டு, ஆசாரத்துப் பெஞ்சுக்கு விரிப்பாக்கினேன். வெட்டுவதற்கு முன் அத்தையிடம் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கத்தரியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாகப் படங்கள். ராமபாணப் பூச்சி அரித்த பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் ஏழு. சட்டங்களைச் சரிசெய்து கண்ணாடி மாற்றினோம். சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் வரும். கூரை வேலையில் மிஞ்சிய ரீப்பர் கட்டை ஒன்றை நிலை உயரத்தில் இரண்டு பக்கமும் மர உத்தரத்தோடு முடுக்கி, அதிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டோம். மாமனார் நடுவில். அவர் பின்னால் சுவர், லேசாக நீலம் ஓடிய வெள்ளை.

மொத்தம் 29,370. நோட்டின் கடைசி வரியில் "மிச்சம் 630, பஜ்ஜி போண்டா" என்று பையன் எழுதி வைத்திருக்கிறான்.

வைகாசிக் கடைசியில் வேலை முடிந்தது. ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு வடக்குச் சுவரின் மூலையில், தரைக்குச் சற்று மேலே, உள்ளங்கை அளவுக்கு உப்புப் பூத்திருந்தது. முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வறண்ட பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் வாரினேன். நீற்றிய சுண்ணாம்பு மிச்சத்தை மண்பானையில் மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி வைத்திருக்கிறோம், அப்படி வைத்தால் கெடாது. இன்றைக்கு வெயில் வந்திருக்கிறது. ஒரு டம்ளர் எடுத்துக் கரைத்து வைத்திருக்கிறேன், அத்தை மட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.